டவ்டெயில் ஸ்லைடு ஒரு முனையில் மட்டும் பிடிப்பது ஏன், வீட்டு மில்லில் அதை வெட்டுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கராஜில் மேசை மில் வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. பழைய லேத்துக்கு 60° டவ்டெயிலில், அதாவது அடியில் குறுகி மேலே அகன்ற மேடு அதே வடிவப் பள்ளத்தில் ஓடும் அமைப்பில், மேல் ஸ்லைடு செய்திருக்கிறார். கீழே மேடுள்ள ஆண் துண்டு 140 மி.மீ நீளம், மேலே ஓடும் பள்ளமுள்ள பெண் துண்டு 90 மி.மீ. ஒரு முனையில் ஜிப்பை (ஆட்டத்தை அடைக்கத் திருகால் இறுக்கும் மெல்லிய பட்டை) இறுக்கினால் மறு முனையில் நகர மறுக்கிறது. அங்கே தளர்த்தினால் இங்கே ஆட்டம். அளவெல்லாம் சரியாக வந்ததே, மலிவான கட்டர் வாங்கியதுதான் தப்பா என்று கேட்கிறார்.

கட்டர்மேல் பழி போட வேண்டாம் தம்பி. டவ்டெயிலில் முதன்முதலாகக் கைவைக்கிற எல்லோரும் அகலத்தை நினைத்தே கவலைப்படுகிறார்கள். அகலம் 0.1 மி.மீ முன்னே பின்னே போனால் ஜிப் பட்டை அதை விழுங்கிவிடும், அது இருப்பதே அதற்காகத்தான். ஜிப்பால் விழுங்க முடியாதது மூன்று: இரண்டு சரிவுகளும் (சாய்ந்த பக்கங்கள்) இணையாக ஓடாதது, இரண்டு தோள்களும் (மேட்டுக்கோ பள்ளத்துக்கோ இருபுறமும் உள்ள மட்டமான பரப்பு) ஒரே மட்டத்தில் இல்லாதது, துண்டே வளைந்திருப்பது. கோணம் 60° இல்லாமல் 59½° ஆக இருந்தால்கூட, இரண்டு துண்டையும் ஒரே கட்டரால் வெட்டியிருந்தால் ஒன்றோடொன்று பொருந்தும். ஆகவே உங்கள் கோளாறு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க, ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள் போதும். 6 மி.மீ டவல் பின் (துல்லியமாகச் சாணைபிடித்த எஃகு முளை) நல்லது. டிரில் பிட்டின் தண்டை வைத்து அளக்காதீர்கள், அது பெரும்பாலும் தேய்ந்தோ சிறுத்தோ இருக்கும், உருளையில் வரும் பிழை அளவில் 2.7 மடங்காகப் பெருகும். ஆண் துண்டின் இரு மூலைகளிலும் உருளையைக் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, வெளியே மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில் அளக்கவும்: இடது முனை, நடு, வலது முனை. முனைக்கு முனை 0.02-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிவுகள் இணையாக இல்லை. நடுவில் மட்டும் பருத்தோ சிறுத்தோ இருந்தால் மில்லின் மேசை ஓடும்போது துவள்கிறது, அல்லது வெட்டும்போது துண்டு நெளிந்திருக்கிறது. மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆண் துண்டின் சரிவுகள் இணை, பெண் துண்டின் சரிவுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து தோள்கள். 10 மி.மீ தடிமனுள்ள நல்ல மிதவைக் கண்ணாடியில் நீல மையை மெல்லிசாகத் தடவி, பெண் துண்டைத் தோள் கீழாக வைத்து லேசாக நகர்த்துங்கள். இரண்டு தோளிலும் முழு அகலத்துக்கு மை ஏறினால் நல்லது. பிறகு அதே தோள்களில் மை தடவி, ஆண் துண்டின்மேல் ஓட்டி, அதன் தோள்களையும் பாருங்கள். ஒவ்வொரு தோளிலும் ஒரே பக்கத்து விளிம்பில் மட்டும் ஏறினால் மில்லின் தலை முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்திருக்கிறது. அப்போது இரு தோள்களும் கூரை ஓடு அடுக்கியதுபோல ஒரே பக்கம் சரிந்த இரண்டு படிகளாகிவிடும். இதில் ஏமாந்து போக வாய்ப்பு உண்டு: ஆண் துண்டில் தோளையும் சரிவையும் ஒரே கட்டர் வெட்டுவதால் அவற்றுக்கு இடையிலான கோணம் அப்போதும் சரியாகவே இருக்கும், உருளை அளவும் சரியாகவே வரும், ஸ்லைடு மட்டும் தள்ளாடும்.

இனி புதிதாக வெட்டுவதற்கான கணக்கு. சொற்களை ஒருமுறை வரையறுத்துக்கொள்வோம். சாய்ந்த பக்கம் சரிவு. அதன் அடியில் வெளிப்புறம் விரியும் மட்டம் தோள். பெண் துண்டின் குறுகிய திறப்பு வாய், உள்ளே அகன்ற பகுதி அடி.

ஆண் துண்டு: தோள் மட்டத்தில் அகலம் 40, உயரம் 8 என்று வைப்போம். 60° கோணத்தில் ஒவ்வொரு மி.மீ உயரத்துக்கும் மொத்த அகலம் 1.1547 கூடும். எனவே உச்சியில் 49.24. உருளைக்கு வெளியே அளவு = தோள் மட்ட அகலம் + 2.732 × உருளை விட்டம் = 40 + 16.39 = 56.39. 6 மி.மீ உருளை சரிவைத் தொடும் இடம் தோளிலிருந்து 4.5 மி.மீ உயரத்தில் வரும், 8 உயரத்துக்கு அது ஏறக்குறைய நடு. உருளை பெரிதாகி உச்சி விளிம்பில் தொட்டால் அளவு அர்த்தமற்றது.

பெண் துண்டு: ஆழத்தை 8.3 ஆக்கவும். அந்த 0.3 வேண்டுமென்றே விடும் இடைவெளி. எடையைத் தோள் தாங்க வேண்டும், உச்சி எதையும் தொடக் கூடாது. இரண்டும் தொடட்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டும் சரியாகத் தொடாது. 3 மி.மீ ஜிப் சாய்ந்து நிற்பதால் கிடைமட்டத்தில் 3 × 1.1547 = 3.46 இடம் எடுக்கும். சரிசெய்துகொள்ள 0.1 சேர்த்தால் வாய் 43.56, அடி 53.14. உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி = அடி அகலம் − 16.39 = 36.75. இரண்டு துண்டுக்கும் வெளி அகலம் 70 இருந்தால் தோளுக்கும் சுவருக்கும் தாராளமாக இடம் இருக்கும்.

உலோகம். வார்ப்பிரும்பு கிடைத்தால் அதுவே. தொடர்வார்ப்புக் கம்பியாகக் கேட்டு வாங்கலாம், காய்லாங்கடையில் கிடைக்கும் பழைய மெஷினின் உடைந்த பாகமும் தாராளம். இரும்பு என்றால் பளபளப்பான ஈஎன்3 (மென் எஃகு) பட்டையை நேராக எடுத்து வெட்டாதீர்கள். அதன் தோலில் இழுத்த அழுத்தம் உறைந்திருக்கும், ஒரு பக்கத்தில் பள்ளம் தோண்டியதும் வாழைத் தோல்போல வளையும். கருந்தோலுள்ள ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) வாங்கி எல்லாப் பக்கமும் சீவிவிட்டு வெட்டுவது நல்லது. எந்த உலோகமானாலும் முரட்டு வெட்டு முடிந்ததும் கிளாம்பை முழுக்கத் தளர்த்தி, துண்டு தன் இஷ்டத்துக்கு நெளிந்துகொள்ள ஒரு இரவு விட்டு, அடிப்பக்கத்தை மீண்டும் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டு மெருகு வெட்டுக்கு வாருங்கள். இணையில்லாத சரிவுகளில் பாதி இந்த ஒரு இரவைச் சேமித்ததால் வருபவை.

மெஷினைத் தயார்செய்வது. ஸ்பிண்டிலில் டயல் கேஜை மாட்டி 200 மி.மீ விட்டத்தில் சுற்றும்போது நான்கு பக்கமும் 0.02-க்குள் வர வேண்டும். முன் பின் சாய்வு எப்படிக் கெடுக்கும் என்று மேலே சொன்னேன். இட வலச் சாய்வு மேசையின் ஓட்டத்தோடு சேர்ந்து தோளைக் குழிவாக்கும், அது சிறிது மன்னிக்கத்தக்கது. பிறகு குறுக்கு ஓட்டத்துக்கும் குவில்லுக்கும் (ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் உறை) பூட்டு இறுக்கவும். நீள ஓட்டத்தின் ஜிப்பை, கைப்பிடி கனமாகத் திரும்பும் அளவுக்கு இறுக்கவும். முனையில் தொங்கும் மேசை தளர்ந்த ஜிப்பில் மூக்கைத் தாழ்த்தினால், அந்தத் தாழ்வு அப்படியே உங்கள் ஸ்லைடில் பதியும்.

கட்டரை ஈஆர் கோலெட்டில் (தண்டைச் சுற்றிலும் இறுக்கும் பிளவுபட்ட பிடி) பிடியுங்கள், டிரில் சக்கில் வேண்டவே வேண்டாம். டவ்டெயில் கட்டர் அடியில் அகன்றது, சரிவு அதைக் கீழ்நோக்கி இழுக்கும். சக்கில் மெதுமெதுவாக இறங்கி, தோளில் படி விழுந்த பிறகுதான் தெரியும். 25 மி.மீ ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) கட்டருக்கு நிமிடத்துக்கு 200 முதல் 250 சுற்று. வார்ப்பிரும்புக்குத் திரவம் வேண்டாம், இரும்புக்கு வெட்டு எண்ணெய் தூரிகையால். கைப்பிடியால் வினாடிக்கு ஏறக்குறைய 1 மி.மீ நகர்த்தினால் போதும். கட்டர் அலறினால் சுற்று வேகத்தைக் குறையுங்கள், மேசை ஓட்டத்தைக் குறைக்காதீர்கள். மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால் பல்லின் மூலை மொண்ணையாகும், முதலில் சாவது அந்த மூலைதான்.

வீட்டில் செய்த ஒற்றைப் பல் கட்டரும் வேலை செய்யும். மூன்று மூலை கார்பைடு இன்செர்ட்டின் மூலை 60° தானே என்று வைக்கிறார்கள். அடிவிளிம்பு தரையில் உரசாமல் இருக்க 1° தூக்கினால் சரிவு 61° ஆகிவிடும், உருளைக் கணக்கில் 2.732-க்குப் பதில் 2.698 போட வேண்டும். இரண்டு துண்டையும் அதே கட்டரால் வெட்டினால் வேறு தொல்லை இல்லை.

ஆண் துண்டிலிருந்து தொடங்குங்கள். அளக்க எளிதானது அதுதான், பிறகு பெண்ணுக்கு அதுவே கேஜ். துண்டை மேசையில் நேரடியாகக் கிளாம்ப் செய்து, ஓரத்தில் டயல் ஓட்டி நீள ஓட்டத்துக்கு இணையாக்கவும். எண்ட் மில்லால் (நேரான பக்கமுள்ள சாதாரண கட்டர்) நடுவில் 50 அகல மேடு விட்டு இருபுறத் தோளையும் 7.9 ஆழம் இறக்கவும். கடைசி 0.1-ஐ டவ்டெயில் கட்டர் எடுக்கட்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எண்ட் மில் 8.0 போய், டவ்டெயில் கட்டர் 7.97-இல் நின்றுவிட்டால் மூலைக்குப் பக்கத்தில் 0.03 உயரத்துக்கு ஒரு படி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. உருளை அந்தப் படிமேல் உட்கார்ந்து பொய் சொல்லும், பெண் துண்டும் அதன்மேல் ஏறி நின்று தள்ளாடும். கட்டர் மூலையிலிருந்து தோளின் வெளி விளிம்புவரை முழு அகலத்தையும் ஒரே ஆழத்தில் துடைத்துக்கொண்டு போக வேண்டும். குவில்லைப் பூட்டிய பிறகு இரு தோளும் முடியும்வரை ஆழத்தைத் தொடவே கூடாது.

பிறகு சரிவு. முதல் சில ஓட்டங்களில் பல்லின் நுனி மட்டுமே வெட்டும், 0.8 வரை உள்ளே தள்ளலாம். போகப் போக முழுச் சரிவும் வெட்டத் தொடங்கும், அப்போது 0.3-க்கு இறங்குங்கள். கடைசி இரண்டு ஓட்டம் 0.1. பல் வெட்டும் திசைக்கு எதிராக மேசை நகர வேண்டும். பல் போகும் பக்கமே துண்டும் போனால், மேசைத் திருகின் பேக்லாஷ் (திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு) அளவுக்குத் துண்டை உள்ளே இழுத்து பல்லை உடைத்துவிடும். திரும்பி வரும்போது கட்டரைச் சரிவிலிருந்து விலக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் துண்டை அவிழ்த்துத் திருப்பி மாட்டும் சபலம் வரும், கைப்பிடி ஒரே பக்கம் வசதியாக இருக்குமே என்று. செய்யாதீர்கள். இரண்டு சரிவும் ஒரே கிளாம்பில் வெட்டப்பட்டால் இணைமை தானாக வரும், அவிழ்த்து மாட்டினால் அதை நீங்கள் தேடிப்போக வேண்டும்.

அளக்கும் முன் துண்டு ஆறட்டும். 50 மி.மீ இரும்பு 20° சூடேறினால் 0.01-க்கு மேல் பெருக்கும். உருளை அளவில் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுதான் குறுக்கு ஓட்டத்தில் எடுக்க வேண்டும், வேறு பெருக்கல் இல்லை. 56.39 என்பது 56.30 ஆகிவிட்டாலும் பதற வேண்டாம், பெண் துண்டின் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மூன்று இடத்திலும் ஒரே எண் வருகிறதா என்பதே கேள்வி.

பெண் துண்டுக்கு எண்ட் மில்லால் 42.5 அகலம், 8.2 ஆழம் பள்ளம். பிறகு டவ்டெயில் கட்டரை 8.3-இல் பூட்டி, ஒரு சரிவு முடிந்த பிறகே மறு சரிவு. பள்ளம் குறுகலானால் கட்டர் இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வைஸில் வாயின் குறுக்காகப் பிடிக்கவே கூடாது. பள்ளம் தோண்டத் தோண்டத் துண்டு வலுவிழக்கும், தாடைகள் வாயை மூடும். இறுக்கத்தில் அளந்தால் சரியாக இருக்கும், தளர்த்தியதும் வாய் விரிந்துவிடும். தாடைகள் எந்த இடத்தில் அழுத்தினவோ அங்கே மட்டும் அதிகமாக விரிவதால், ஒரு முனையில் இறுக்கம், மறு முனையில் ஆட்டம். உங்கள் கோளாறு கேட்பதற்கு இதுபோலவே இருக்கிறது. பெண் துண்டை அடிப்பக்கத்திலிருந்து போல்ட் போட்டு மேசையோடு கட்டவும், அல்லது இரு முனைகளில் நீளவாக்கில் நிறுத்தவும்.

ஜிப் திருகுக்கான துளைகளை மெருகு வெட்டுக்கு முன்பே போட்டு மரை வெட்டிவிடுங்கள். பிறகு போட்டால் உள்ளே வரும் பிசிறு சரிவைக் கெடுக்கும். 90 நீளத்துக்கு எம் 4 மூன்று, முனைகளிலிருந்து 15-இலும் நடுவிலும். துளை சரிவுக்குச் செங்குத்தாக, அதாவது கிடைமட்டத்திலிருந்து 30° சாய்ந்து இருந்தால் சிறப்பு. கிடைமட்டத் திருகு ஜிப்பை அழுத்துவதோடு சரிவின் வழியே நழுவவும் பார்க்கும். எல்லா வெட்டும் முடிந்ததும் ஆண் துண்டின் உச்சி விளிம்புகளையும் பெண் துண்டின் வாய் விளிம்புகளையும் 0.5 மழுக்குங்கள். கட்டரின் மூலை முழுக் கூர்மை இல்லாததால் உள்மூலையில் கொஞ்சம் உலோகம் நிற்கும், கூரான விளிம்பு அதில் போய் முட்டும்.

ஜிப் 3 மி.மீ பித்தளை அல்லது கேஜ் தகடு (சாணைபிடித்த எஃகுத் தகடு). இரு முகமும் இணையாக, நேராக இருக்க வேண்டும். சரிவு வழியே அகலம் 8.8, மேல் கீழ் விளிம்புகள் தோளுக்கு இணையாகச் சாய்வாக. அந்த விளிம்புகள் எதையும் தாங்குவதில்லை, அரம் போட்டாலே போதும். அடியையும் தோளையும் தொடாமல் இருந்தால் சரி. ஜிப்பைப் பொருத்திய நிலையிலேயே, திருகுத் துளை வழியாகச் சிறிய பிட்டால் திருகு நுனிக்குக் குழி போடுங்கள். வெளியே எடுத்து அளந்து போட்டால் குழியும் துளையும் ஒத்துவராது, இறுக்கும்போதெல்லாம் ஜிப் நீளவாக்கில் இழுபடும்.

ஏற்கெனவே செய்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஆண் துண்டு முனைக்கு முனை 0.05 மாறினால், நல்ல சரிவு எது என்று வெளி ஓரத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, அந்தச் சரிவில் நெம்புகோல் டயலை ஓட்டித் துண்டை நேராக்குங்கள். மற்ற சரிவில் 0.1 எடுத்தால் போதும், இழந்ததை ஜிப் ஈடுசெய்யும். பெண் துண்டானால் அடிப்பக்கம் போல்ட் போட்டு, ஜிப் வரும் பக்கத்துச் சரிவை மட்டும் திருத்துங்கள். 0.02-க்குள் உள்ள மிச்சத்தை ஸ்க்ரேப்பர் பார்த்துக்கொள்ளும். ஆண் துண்டில் மை தடவி, பெண்ணை ஓட்டி, மை ஏறிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். முதலில் தோள்கள், பிறகு ஜிப் இல்லாத சரிவு, கடைசியில் ஜிப்பின் முகம். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடும்.

மின்வெட்டு முன்புபோல இல்லைதான், ஆனால் கட்டர் பள்ளத்தில் புதைந்திருக்கும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்து, குறுக்கு ஓட்டத்தின் பூட்டைத் தளர்த்திக் கட்டரை விலக்குங்கள். கரண்ட் வந்ததும் சிக்கிய நிலையிலேயே மோட்டார் கிளம்பினால் பல் போகும். கரண்ட் போனால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் உள்ள மெஷினில் இந்தப் பயம் இல்லை.

கடைசியாக, டர்பனின் உப்புக் காற்று. தைப்பூசக் காவடி நாட்களின் புழுக்கத்தில் புதிதாகச் சீவிய வார்ப்பிரும்பு ஓரிரு நாளில் பழுப்பேறும், வியர்த்த கை பட்டால் ரேகையோடு துருப்பிடிக்கும். ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நீல மையைத் துடைத்ததும் 68 எண் ஸ்லைடுவே ஆயிலைத் தடவி, பெண் துண்டை மாட்டி, நடுத் திருகிலிருந்து தொடங்கி மூன்றையும் கால் சுற்றுக்கும் குறைவாக மாறி மாறி இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடை முனைக்கு முனை கையால் தள்ளிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே கனம் வரும்வரை இறுக்கி, அப்படியே திருகைப் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டைப் போடுங்கள். நட்டை இறுக்கும்போது திருகும் கூடத் திரும்பிவிடும், அதனால் கடைசியில் இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள்.